டி.சி. வீட்டில் இருக்கிறது

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கண்காணிப்பாளர் கேட்டுக்கொண்டார். அவர் கேட்காவிட்டாலும் எழுத முடியாது. இந்தப் பிள்ளைகளின் பெயர், முகவரி, படிக்கும் பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. தமிழகத்தின் வடமேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் பெண் குழந்தைகள் இல்லம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேட்டைத் திறந்த அம்மா என் செல்போனை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். பதிவேட்டில் 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் "மேடத்தன்னு எழுதுங்க. பிள்ளைங்க பேரு எதுலயும் வரக் கூடாது" என்றார். உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். சொந்தக்காரர்கள் அதுவரைதான் வரலாம். அதற்கும் கமிட்டியின் அனுமதி வேண்டும். கமிட்டி என்று இங்கே எல்லாரும் சொல்வது குழந்தைகள் நலக் குழுவை. மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அதன் முன்னால் நிறுத்தியாக வேண்டும். எங்கே தங்குவது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதன் ஆர்டர்தான்.

வந்த வழி ஒவ்வொருத்திக்கும் ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் தானே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தவள் ஒருத்தி. வகுப்பாசிரியையிடம் வாய் திறந்ததால் வந்தவள் இன்னொருத்தி. வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்ததால் வந்தவர்களைப் பற்றி ஆற்றுப்படுத்துநர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பி வந்தவர்கள் மட்டும்தான் இங்கே இருக்கிறார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. பையனோடு போய்ப் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட பதினாறு வயசுக்காரிகளும் உண்டு. அவர்களில் ஒருத்தி துணி காயப்போட்டபடி என்னிடம் கேட்டாள்: "தப்பு பண்ணவங்க வெளிய சுத்துறாங்க, எங்களத்தான பூட்டி வெச்சிருக்காங்க?" எனக்கு மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் ஊருக்குத் திரும்பிவிட முடிகிறது. பள்ளிக்கூடம், தோழிகள், ஊர் என்று எல்லாவற்றையும் விட்டு வர வேண்டியிருப்பது பெண்ணுக்குத்தான்.

அலுவலக அறையில் ஒரு ஃபைலைப் பெயர் தெரியாதபடி மடக்கிக் காட்டினார் கண்காணிப்பாளர். கமிட்டி ஆர்டர், எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் எழுதிய சமூக விசாரணை அறிக்கை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் பள்ளிச் சான்றுகளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கவர். அது காலி.

"டி.சி. எங்கங்க மேடம்?"

"வீட்டுல. ஆதார், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாமே வீட்டுல. யாருக்குப் பயந்து பொண்ணு ஓடி வந்துச்சோ அவங்க பீரோவுல."

மீட்பது ஒரு நாள் வேலை. போலீஸ் வரும், சமூக நலத்துறை வரும், பேப்பரில் செய்தி வரும். மறுநாள் அந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்ற கேள்வி வரும்போது இந்த மேஜையில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், தாமதமாகிறது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இங்கே நான் பார்த்தவர்களில் பலர் ஒன்பதும் பத்தும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிற வயசும் அதுதானே.

பழைய பள்ளிக்குக் கண்காணிப்பாளரே பஸ் ஏறிப் போய்விடுவார். "அப்பா கையெழுத்தில்லாமக் குடுத்தா நாளைக்கு அவர் எங்கிட்ட சண்டைக்கு வருவாருங்க" என்று ஒரு தலைமையாசிரியர் தயங்கியிருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் அந்த ஊர்க் கடைத்தெரு வழியாகத்தான் தினமும் போய் வர வேண்டும். கமிட்டி ஆர்டரின் நகலையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் கடிதத்தையும் காட்டிப் பேசிய பிறகு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பெயரை காமன் பூலுக்கு விடுவித்தாராம். அங்கிருந்து புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும். பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் போவதற்குள் இது முடியவில்லை என்றால் அந்த வருஷம் போனதுதான்.

பள்ளிக் காகிதத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. இவள் பதினெட்டுக்குக் கீழா மேலா என்று சந்தேகம் எழுந்தால், சட்டம் முதலில் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றையோ மெட்ரிகுலேஷன் சான்றிதழையோதான். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயசு பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத, பிறப்புச் சான்றிதழும் இல்லாத பெண், தான் குழந்தை என்பதையே எலும்பைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

தப்பி வந்த பெண்ணுக்கு இடமும் படிப்பும் தேடும் சிக்கல் நேற்று வந்ததல்ல. தேவதாசி முறையை எதிர்த்துச் சென்னைச் சட்ட மேலவையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று பெண் பிள்ளைகள் அடைக்கலம் தேடி வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரே இடம் கொடுத்தார். 1930-ல் அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. பின்னாளில் அடையாறில் அதோடு பள்ளிக்கூடமும் வளர்ந்தது. ஒளிந்துகொள்ள ஓர் அறை போதாது, வகுப்பறையும் வேண்டும் என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலிருந்து திரும்பினார்கள். அதே சீருடை, அதே இலவச பஸ் பாஸ். பெற்றோர் கூட்டத்துக்கு இல்லத்தாய் 'பெரியம்மா' என்று போய் உட்கார்ந்துவிடுவார். அப்படியும் யாரோ ஒருத்தி கண்டுபிடித்து 'ஹோம் பொண்ணு' என்று சொல்லிவிடுவாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்றார். படிப்பறையில் பத்தாம் வகுப்புக்காரி ஒருத்தி கணக்கு நோட்டைத் திறந்தாள். இருபடிச் சமன்பாடுகள் அழகாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவே இரண்டு பக்கம் வெற்று. "அன்னைக்கு ஹியரிங்" என்றாள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி, நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும். கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அந்தக் 'கூடுமானவரை'க்குள்தான் வாய்தாக்கள் குடியிருக்கின்றன. சாட்சி சொல்லும் நாள் நெருங்கினால் வேப்பமரத்து பெஞ்சில் கூட்டம் கூடிவிடுகிறது. அத்தை வருவாள், பாட்டி வருவாள். "உங்கப்பன் உள்ள போயிட்டா தம்பிய யாரு பாப்பா?" என்ற கேள்வியை ஊழியர் காதுபடவே கேட்பார்கள். ஊழியர் அதை எழுதிக் கமிட்டிக்கு அனுப்புவார். அதன் பிறகும் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

பதினெட்டு முடிந்தால் இந்த இல்லத்தில் இருக்க முடியாது. பின்காப்பு என்று 21 வயது வரை உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குக் கொடுத்துவந்த உதவியை 2022-ல் உயர்கல்விக்கென்று மாற்றினார்கள், அதுதான் இது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் அவர். தாலிக்குத் தங்கம் கொடுத்த காலத்தைவிட இப்போதுதான் அந்தப் பெயர் பொருந்துகிறது என்பேன்.

நான் கிளம்பும்போது அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம். அந்தக் கணக்கு நோட்டுக்காரிக்குப் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வேண்டுமாம். பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் கிடையாது. இருக்கிற பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்; இரண்டாவது பஸ் அவள் ஊர் வழியாகப் போகிறது. "காமர்ஸ் எடுத்துக்கயேன் கண்ணு" என்றார் இல்லத்தாய். அவள் தலையாட்டவில்லை. வேன் வைக்கப் பணம் கேட்டு எழுதலாமா, வேறு மாவட்ட இல்லத்துக்கு மாற்றலாமா என்று கண்காணிப்பாளர் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டிருந்தார். கமிட்டியின் அடுத்த அமர்வு செவ்வாய்க்கிழமை. "நான் எழுதறத எழுதறேன், கமிட்டில நீயே பேசு" என்றார் அவளிடம்.