வானெஸ்ஸா

கதை எழுதுகிறவனுக்குப் பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பது பெரிய தொல்லை. நான் ஒரு அத்தியாயத்தைக்கூட எழுதி முடித்துவிடுவேன். கதாநாயகிக்குப் பெயர் அகப்படாது. ஆகவே, உலகத்தில் இல்லாத ஒரு பெயரையே உண்டாக்கிய ஜோனதன் ஸ்விஃப்டிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

கலிவர் கதையை எழுதினாரே, அவர்தான். எஸ்தர் வான்ஹோம்ரி என்ற பெண் அவரிடம் உயிரையே வைத்திருந்தாள். தகப்பனார் டச்சுக்காரர். அந்தக் குடும்பப் பெயரிலிருந்து 'வான்' என்பதை எடுத்தார். எஸ்தரைச் சுருக்கி 'எஸ்ஸா' என்றார். இரண்டையும் ஒட்டினார்: வானெஸ்ஸா. 1713-ஆம் ஆண்டு வாக்கில் அவளைப் பற்றி ஒரு நெடுங்கவிதையும் எழுதினார். மனைவி என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

அவர் டப்ளினுக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். கடிதங்களில் கெஞ்சினாள். 1723-ல் இறந்தாள். அவள் எழுதி வைத்த உயிலில் ஸ்விஃப்டின் பெயரே இல்லை. சொத்து தத்துவஞானி பார்க்லிக்கும் இன்னொருவருக்கும் போயிற்று. கவிதை 1726-ல் அச்சாயிற்று.

பிறகு அந்தப் பெயருக்குச் சிறகு முளைத்தது. 1807-ல் ஃபாப்ரிஸியஸ் என்ற டேனிஷ் விஞ்ஞானி ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்துக்கே அதைச் சூட்டினார். நம் நீலகிரியிலும் அந்த இனம் பறக்கிறது. 1937-ல் பிறந்த ஆங்கில நடிகை வானெஸ்ஸா ரெட்கிரேவை உலகம் அறியும். ஜெர்மனியிலும் பிரேஸிலிலும் 1980-களில் எத்தனையோ குழந்தைகளுக்கு அதே பெயர்.

எங்கெங்கோ தாய்மார் அந்தப் பெயரைச் சொல்லி, சாப்பிட வா என்று மகளை அழைக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எஸ்தரைத் தெரியும்?