உறங்காத செடி

2018-ஆம் ஆண்டுக் கோடையில், செருமனி நாட்டுப் பவேரியாவில் ஒரு பங்கில் ஆறு வாரங்கள் திருப்பணி ஆற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே குருமனையின் பின்புறம், வெயில் எட்டாத மரநிழலில் நின்ற ஒரு செடி என் மனத்தைப் பறித்துக்கொண்டது. ஒன்றரை அடி நீள இலைகள். பொன் கலந்த பசுமை. ஹோஸ்டா என்பது பெயர். ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் ஹோஸ்ட் என்பவரின் நினைவாக இட்ட பெயராயினும், அதன் தாயகம் சீனம், கொரியா, ஜப்பான் நாடுகளே.

திருச்சி திரும்பியபின், நம் குருமனையின் வடபுறத்து மாமர நிழலைக் காணும்போதெல்லாம் அதே நினைவு. மலைநாட்டிலிருந்து நண்பர் வழியாக வேர்க்கட்டி ஒன்றைப் பெற்று நட்டேன். மட்கிய எரு இட்டு, இருவேளையும் நீர் வார்த்தேன். முதலாண்டு உள்ளங்கையளவில் ஆறு இலைகள். மறு ஆண்டு மூன்று. மூன்றாம் ஆண்டு மண்ணைக் கிளறியபோது வேர் கூழாகிக் கிடந்தது. ஆமணக்குச் செடிக்காக வருந்திய யோனாவைப்போல் இரண்டொரு நாள் முகம் கடுத்திருந்தேன்.

காரணத்தைப் பின்னரே நூல்களில் கண்டேன். ஹோஸ்டா குளிர்காலத்தில் இலை மடிந்து, மண்ணுக்குள் உறங்கும் செடி. அவ்வுறக்கத்திற்கு 5 பாகை அளவிலான குளிர் பல வாரங்கள் வேண்டும். நம் ஊரிலோ மார்கழி விடியலும் 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. உறக்கமற்ற வேர், சேமித்ததைச் செலவிட்டு மெலிகிறது. அது வாடுந்தோறும் நான் நீர் வார்த்து அழுகவும் வைத்தேன்!

திருவரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் குடியிருக்கும் நம் கோயில்பிள்ளை, ஒருநாள் சேப்பங்கிழங்குகள் நான்கைக் கொணர்ந்தார். "சாமி, இதற்கு நிழல் பகையில்லை. ஊன்றிப் பாருங்கள்" என்றார். தண்ணீர் தேங்கும் வாய்க்காலோரம் ஊன்றினோம். நான்கு மாதங்களில் இலைகள் என் இடுப்பை எட்டின. மழைத்துளிகள் அவற்றில் ஒட்டாமல் முத்தாக உருண்டன. இலை பழுக்கத் தொடங்கியதும் நான் வாளியுடன் விரைந்தேன். அவர் தடுத்தார்: "இனி நீர் வேண்டாம், சாமி. கிழங்கு ஓய்வெடுக்கட்டும்."

அடுத்த தவக்காலத்தில், விடியற்காலையில், மணிக்கயிற்றருகே அவர் மயங்கி விழுந்தார். கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்பங்கிற்கு வந்த நாள்முதல் அவருக்கு ஒருநாள் விடுப்பும் நான் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

இப்போது திங்கள்தோறும் மணி அடிப்பவன் நான். ஐந்தரை மணிக்கு ஒலிக்க வேண்டியது சில வேளை ஐந்தே முக்காலுக்கு ஒலிப்பதாகப் பங்கு மக்கள் முறையிடுகிறார்கள். இவ்வாண்டுச் சேம்பும் பழுக்கத் தொடங்கிவிட்டது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.