சாலையின் எந்தப் பக்கம்?

108-ஐ அழைத்தால் போனை எடுப்பது கட்டுப்பாட்டு அறையில். அங்கே கேட்டு எழுதிய விவரம் வண்டிக்கு வந்ததும், மருத்துவ உதவியாளரான நான் கூப்பிட்டவரிடமே பேசிவிடுவேன். வண்டி ஓட்டும் பைலட் அதற்குள் வண்டியை எடுத்திருப்பார்.

பசுமலையிலிருந்து கப்பலூர்ப் பக்கம் விபத்து என்றால் என் முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, அடிபட்டவரு மதுரை போற பக்கம் கெடக்காரா, திருமங்கலம் போற பக்கமா?" நான்குவழிச் சாலையில் நடுவே தடுப்பு. மாறிப் போய் நின்றால் ஆள் கண்ணுக்குத் தெரிவார், வண்டி அடுத்த திறப்புவரை போய்த்தான் திரும்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் லொகேஷன் புள்ளி பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலே பக்கம் மாறிவிடும்.

செல்போன் டவரை வைத்து இடத்தைக் கணக்கிடுவது இன்னும் தோராயம். எந்த ஆன்டெனா போனைப் பிடித்தது என்பதில் திசை தெரியும். சிக்னல் போய்வரும் நேரத்தில் தூரம் தெரியும். அந்தத் தூரம் 2ஜி-யில் சுமார் 550 மீட்டர் படிகளாகத்தான் கிடைக்கும், 4ஜி-யில் சுமார் 78 மீட்டர். விளாச்சேரியில் 550 மீட்டருக்குள் எத்தனை சந்து! அதோடு, போன் பிடிப்பது பக்கத்து டவரை அல்ல, நன்றாகக் கேட்கும் டவரை. குறுக்கே மலை நின்றால் அது வேறெங்கோ இருக்கும்.

பிரிட்டனில் 2014-லேயே இதற்கு வழி கண்டார்கள். அவசர எண்ணை அழுத்தியதும் போன் தானே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் எழுப்பி, இடத்தைக் கணித்து, குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டில் அதுபோன்ற வசதி 2016-ல் வந்தது, ஐபோனில் 2018-ல். நம் நாட்டில் முதலில் இதை 112 அவசர எண்ணுடன் இணைத்தது உத்தரப் பிரதேசம். எங்கள் வண்டிக்கும் அது வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். நெஞ்சுவலியில் பேச்சே வராதவர், அம்மா மயங்கிக் கிடக்க போனைக் கையில் எடுத்த சிறுபிள்ளை, ஊர் தெரியாத லாரி டிரைவர்: இவர்களிடம் நான் அடையாளம் கேட்டு என்ன பயன்?

அது வந்தாலும் கேட்பதை விடமாட்டேன். போன் இருக்கும் இடமும் அடிபட்டவர் கிடக்கும் இடமும் ஒன்றல்ல. பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அழைப்பார். நான் பேசும்போது பஸ் டோல்கேட்டைத் தாண்டியிருக்கும். "எந்த ஸ்டாப் தாண்டினதும் பாத்தீங்க? பக்கத்துல கிலோமீட்டர் கல்லு இருந்துச்சா?" என்று பின்னோக்கிக் கேட்டுக் கேட்டுத்தான் இடத்துக்கு வரவேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து அழைப்பவரிடம் போனை வைக்குமுன் ஒன்று சொல்வேன்: "யாராச்சும் ஒருத்தரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கம்மா. வண்டி வந்ததும் கைகாட்டச் சொல்லுங்க."