சிங்கப்பூர்ப் பெட்டியில் வந்த சத்தம்

நம்ம செட்டிநாட்டு ஊரில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், ஆச்சிமார் வந்து இறங்குவதற்கு முன்னால் மைக் செட்டுக்காரர் வந்துவிடுவார். சைக்கிள் கேரியரில் புனல் குழாய்கள், தோளில் வயர்ச் சுருள். முகப்புக்கு மேலே சுதையில் செய்த லட்சுமிக்குப் பக்கத்தில் ஏறி நின்று குழாயைக் கட்டுவார். கீழே நின்று வயரைத் தூக்கிக் கொடுத்தது நீங்களும் நானும்தான். ரெக்கார்டுத் தட்டில் ஊசி இறங்கும்போது ஒரு கரகரப்பு வருமே, அது கேட்ட பிறகுதான் தெருவுக்குக் கல்யாணக் களை வரும். ஆம்ப்ளிபையர் சூடேறும் வாசனை தனி. வால்வும் அதன்மேல் படிந்த தூசியும் சேர்ந்து காய்கிற வாசனை. இரண்டாம் கட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் காய்கிற வாசனையும் வந்து அதில் கலந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது பழைய ரேடியோ ஒன்று சூடேறினால் எனக்கு நாக்கில் பணியாரம் ஊறுகிறது.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு செட்டு வரும். சிவன் கோயிலில் கிளம்பி, ஊருணிக் கரையைச் சுற்றி, தெருத்தெருவாக நின்று நின்று வாசித்துக்கொண்டு வருவார்கள். கிளாரினெட்காரர் மகுடி வாசிக்காமல் விட்டதில்லை. இளவட்டங்கள் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு பாம்பாக ஆடுவார்கள். அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று அப்போது யார் கேட்டோம்? 1954ல் வந்த ‘நாகின்’ என்ற இந்திப் படத்து மெட்டு அது. ஹேமந்த்குமார் இசை. படத்தில் மகுடியாகக் கேட்பது மகுடியே இல்லை. கிளாவியோலின் என்ற மின்சாரக் கருவி. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1947ல் செய்தது. உள்ளே நம்ம மைக் செட்டில் இருப்பது போன்ற வால்வுகள்தான். வாசித்தவர் பிற்காலத்தில் கல்யாண்ஜி ஆனந்த்ஜி என்று இரட்டையராகப் பேர் வாங்கிய கல்யாண்ஜி. ஆக, பம்பாயில் ஒருவர் கரண்டில் செய்த மகுடியை, நம்ம கீழச்சிவல்பட்டியில் ஒருவர் மூச்சைப் பிடித்து ஊதி நிஜமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

கரண்டில் பிறக்கும் சத்தம் நம் ஊருக்கு நேராக வந்தது சிங்கப்பூர்ப் பெட்டியில்தான். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் தேக்கையும் பீங்கானையும் கொண்டுவந்து நிரப்பிய வீடுகள் இவை. நம் காலத்தில் அம்மான்மார் கொண்டுவந்தது டேப் ரிக்கார்டரும் யார்ட்லி பவுடரும் கோடாலித் தைலமும். பெட்டியைப் பட்டாலையில் வைத்துத் திறந்தால் ஒரு வாசனை குப்பென்று அடிக்கும். புதுத் துணி, சோப்பு, பிளாஸ்டிக், அந்துருண்டை எல்லாம் சேர்ந்தது. ஆத்தங்குடிக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தரம் வந்தது கேசியோ. வெள்ளைக் கட்டைகள் கொண்ட பெரிய கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கைக்கு அடக்கமான ‘விஎல்-1’ என்ற மாடல். பொத்தான் பொத்தானாக இருக்கும். கால்குலேட்டரும் அதுவே, வாத்தியமும் அதுவே.

நகரத்தார் வீட்டுக்கென்றே செய்ததைப் போல ஒரு சாமான். பகலில் அப்பச்சி அதில் வட்டிக் கணக்குப் போடுவார். சாயங்காலம் அது எங்கள் கைக்கு வரும். அதில் ஒரு வித்தை உண்டு. கணக்கு மெமரியில் எட்டு இலக்க எண் ஒன்றைப் போட்டு ஒரு சுவிட்சைத் தள்ளினால், அந்த எண் சத்தமாக மாறும். முதல் இலக்கம் அலையின் வகை. அடுத்தது சத்தம் எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பது. பிறகு அது எப்படித் தணிய வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், நடுங்க வேண்டுமா வேண்டாமா என்று வரிசையாகப் போகும். சிந்தசைசர் என்பதன் சூட்சுமம் மொத்தமும் அந்த எட்டு இலக்கத்தில் இருந்தது. நமக்கு அது தெரியாது. அப்பச்சி விட்டுப்போன அசலும் வட்டியும் இன்றைக்கு எப்படிப் பாடும் என்று பார்ப்பதுதான் நமக்கு விளையாட்டு. சில நாள் புல்லாங்குழல் மாதிரி வரும், சில நாள் வண்டு மாதிரி. வண்டு வந்தால் ஆயா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார்.

இதே மாதிரி ஒரு பெட்டி மதராசில் இன்னொரு வீட்டிலும் திறந்துகிடந்தது. ஆர்.கே.சேகர் வீடு. 1964ல் ‘பழசிராஜா’ என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்தவர். பிறருடைய மெட்டுகளுக்கு இசைக்கோப்புச் செய்வதும், வாத்தியக் குழுவை நடத்துவதுமாக இரவு பகல் பார்க்காமல் உழைத்தவர். வெளிநாட்டு மின்னணு வாத்தியங்களைத் தென்னாட்டு ஸ்டூடியோக்களுக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். மகன் திலீப்குமார் பிறந்தது 1967 ஜனவரியில். நம்ம செட்டுதான். 1976 செப்டம்பரில் அப்பா போய்விட்டார். வயது நாற்பத்து மூன்று. பையனுக்கு ஒன்பது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருமானம் அந்த வாத்தியங்கள்தான். அம்மா அவற்றை வாடகைக்கு விட்டார். வாத்தியத்தோடு போய் வந்த பையன் கொஞ்ச நாளில் தானே வாசிக்கவும் தொடங்கினான்.

அதே 1976தான் நம் பக்கத்துக்குத் திருவிழா. சிறுகூடல்பட்டிக்காரர் பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவைக் கொண்டுவந்தார். கூப்பிடு தூரத்து ஊர்க்காரர் கொண்டுவந்த பிள்ளை என்று ராஜாவை நம்ம வீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டோம். இரண்டு வருசம் கழித்து ‘பிரியா’. திரைக்கதை எழுதியவர் பஞ்சு அருணாசலம், இயக்கியவர் காரைக்குடி எஸ்.பி.முத்துராமன், படம் எடுத்த இடம் சிங்கப்பூர். செட்டிநாட்டுக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிந்திருந்தார்கள். காரைக்குடி ரிக்கார்டிங் சென்டரில் கேசட்டில் பிடித்துவந்து, இரண்டு ஸ்பீக்கரையும் வளவின் இரு கோடியிலும் வைத்து, நடு முற்றத்தில் நின்று கேட்டோம். ஒரு சத்தம் இந்தத் தூணில் கிளம்பி அந்தத் தூணுக்குப் போகும். வயலினும் இல்லை, குழலும் இல்லை, என்னவென்று சொல்லத் தெரியாத வழுவழுப்பான ஒரு சத்தம். ‘யாரு வாசிக்கிறா?’ என்று நீங்கள் கேட்டீர்கள். கேசட் அட்டையில் பாடினவர் பேர் உண்டு, எழுதினவர் பேர் உண்டு. வாசித்தவர் பேர் எந்த அட்டையில் இருந்தது?

ராஜாவின் குழுவில் வருசக்கணக்காகக் கீபோர்டு வாசித்த விஜி மேனுவலின் பேரே எனக்கு எவ்வளவோ பிந்தித்தான் தெரியும். பதினோரு வயது வாக்கில் அந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தான் திலீப். எம்.எஸ்.விஸ்வநாதனுக்கும், ரமேஷ் நாயுடுவுக்கும், ராஜ் கோட்டிக்கும் வாசித்தான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. நாம் தலையெண்ணெய் வழிய வாய்ப்பாடு ஒப்பித்த நாட்களில், நம்ம வயதுப் பையன் ஒருவனின் விரல் இலங்கை வானொலி வழியாக நம் முற்றத்துக்குள் வந்துபோயிருக்கிறது.

அதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. குன்னக்குடி வைத்தியநாதனோடும் அந்தப் பையன் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்திருக்கிறான். நம்ம குன்றக்குடிக்காரர். நெற்றி நிறைய விபூதி, நடுவில் பெரிய குங்குமம். ‘வா ராஜா வா’, ‘அகத்தியர்’ படங்களுக்கு இசையமைத்தவர். வயலினில் குயில் கூவும், ரயில் ஓடும். வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் மல்லுக்கட்டுவதைக் கேட்கப் பந்தலுக்கு வெளியேயும் ஜனம் நிற்கும். சங்கீதக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் சட்டை செய்யமாட்டார். சத்தத்தோடு விளையாடலாம், குற்றமில்லை என்று அந்தப் பையனுக்குத் தைரியம் கொடுத்தவர்களில் இவரும் ஒருவராக இருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். ஊர்ப் பாசம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

நம்ம திருவிழாவுக்கு வரும் பாட்டுக் கச்சேரிக்காரர்களை மறந்திருக்கமாட்டீர்கள். வேனிலிருந்து இறங்கும்போதே அண்டாவில் எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று சமையல்காரர் தலையை எண்ணுவார். டிரம்ஸ், பேங்கோஸ், கிட்டார், வயலின் நாலு, பாடுகிறவர்கள் ஆறு பேர். கீபோர்டுக்காரர் கடைசியில்தான் மேடை ஏறுவார். துணியை விலக்கி, கட்டைகளைத் துடைத்து, ஓரத்தில் சந்தனம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பிறகுதான் சுவிட்சைப் போடுவார். சுருதி நிற்க ஒரு கட்டையை அமுக்கி, இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிடுவார். இரண்டு கையும் சும்மாயிருக்க, வெற்றிலையை மடித்தபடி உட்கார்ந்திருக்கும் அவரைச் சுற்றிச் சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு அது மந்திரம். வோல்டேஜ் இறங்கும்போது மட்டும் முகம் வெளுத்துவிடும் அவருக்கு.

எண்பத்து மூன்றில் இரண்டு காரியம் நடந்தது. யமஹா டிஎக்ஸ் ஏழு என்ற கீபோர்டு சந்தைக்கு வந்தது. மணியோசை, வெள்ளிக் கம்பி ஓசை எல்லாம் பளிங்கு மாதிரி அதிலிருந்து வரும். அதே வருசம் மிடி என்ற ஏற்பாடும் வந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கருவியோடும் கம்ப்யூட்டரோடும் பேசிக்கொள்ளலாம். எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினாய் என்ற கணக்கை மட்டும் சீக்வென்சர் குறித்துக்கொள்ளும். பிறகு அதே கணக்கைக் குழலாகவும் வாசிக்கச் சொல்லலாம், கோடாங்கியாகவும் வாசிக்கச் சொல்லலாம். 1986 தீபாவளிக்கு ‘புன்னகை மன்னன்’ வந்தபோது கம்ப்யூட்டர் இசை என்று பேச்சாக இருந்தது. கமலஹாசனும் ரேவதியும் ஆடும் இடத்தில் அந்தத் தாளம் இம்மியும் பிசகாமல் ஓடும். நம்ம தவில்காரர் கேட்டுவிட்டு, ‘மனுசன் வாசிச்சா இப்படி இருக்காது, கொஞ்சம் மூச்சு வாங்கும்’ என்றார். பாராட்டாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று முகத்தில் தெரியவில்லை.

இதற்கெல்லாம் முன்னாலேயே பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர் இருந்தார். நம் அம்மான் மாதிரியே சிங்கப்பூரில் வாங்கிவந்த ரோலண்ட் கருவியை வைத்துக்கொண்டு, 1982ல் ஹெச்எம்வியில் பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்துக்குப் போட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பூபாலி, மால்கௌன்ஸ் எல்லாம் உண்டு. நமக்கு அவை மோகனமும் இந்தோளமும். தட்டு போணியாகவில்லை. கல்யாண வீடுகளிலும் மேடைகளிலும் வாசித்துக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்தார். இருபது வருசம் கழித்து டெல்லியில் ஒரு டச்சுக்காரர் கையில் அது அகப்பட்டது. 2010ல் மறுபடி வெளியானதும் ஐரோப்பாவில் வாயைப் பிளந்தார்கள். தட்டு வந்து ஐந்தாறு வருசம் கழித்துச் சிகாகோவில் பிறந்த ஆட்ட இசையின் சாயல் இதில் முன்கூட்டியே இருக்கிறதே என்று. வயதான காலத்தில் அவரைக் கூப்பிட்டு மேடை ஏற்றினார்கள். 2015ல் காலமானார். திலீப்புக்குக் கிடைத்த காற்று இவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

திலீப் விளம்பரங்களுக்கு வாசிக்கப் போனது அவருக்கு நல்லதாயிற்று. லியோ காபி விளம்பரம் ஓடும்போது டிவி முன்னால் ஆத்தாகூட நின்று கேட்பார். அரை நிமிசம்தான், ஆனால் முழுப் பாட்டு. பேர் ரஹ்மான் என்று ஆகி, கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்த்துப் ‘பஞ்சதன்’ என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டார். ராத்திரி முழுக்க அங்கே விளக்கு எரியும் என்பார்கள். 1992 ஆகஸ்ட் 15ல் ‘ரோஜா’. நீங்கள் அப்போது திருச்சியில் வேலையில் இருந்தீர்கள். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் முதலில் கேட்டேன். கேட்டுக்கொண்டே நின்றதில் புதுக்கோட்டை பஸ் போய்விட்டது. தனித்தனியாக எல்லாம் கேட்டது. தண்ணீர் சொட்டு தனி, தாளம் தனி, அடியில் ஓடும் கனம் தனி. டீக்கடை ஸ்பீக்கருக்கு இவ்வளவு ஒழுங்காகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. நல்லது கெட்டதுக்கும் பிள்ளையார் நோன்பு இழை எடுக்கவும் திறக்கிறார்கள். போன தை மாசம் ஓர் அறுபதாங்கல்யாணம். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் சுருதிப் பெட்டி கரண்டில் பாடிக்கொண்டிருந்தது. ஒத்து ஊதுகிற பையன் இல்லை. சாயங்காலம் லேப்டாப்போடு ஒரு தம்பி வந்து பாட்டுப் போட்டான். முகப்பில் குழாய் கட்டிய ஆணி மட்டும் லட்சுமிக்குப் பக்கத்தில் துருப்பிடித்து நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் நம் வீட்டுப் பீங்கான் சாடி, மரத் தூண் எல்லாம் விலை பேசுகிறார்கள். கேசியோவைக் கேட்டேன். ‘கால்குலேட்டர் எல்லாம் எடுக்கிறதில்லைங்க’ என்றார் கடைக்காரர்.

இந்த மாற்றத்தின் ஆரம்பத்தை அப்போதே பார்த்தேன். ‘ரோஜா’ வந்த மறு வருசம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கச்சேரி பேசியிருந்தோம். பழைய குழுதான், ஆனால் வேன் வரவில்லை. ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள் பாடுகிற இருவரும் கீபோர்டுக்காரரும். டிரம்ஸ், வயலின், பேஸ் கிட்டார் எல்லாம் பிளாப்பியில் கொண்டுவந்திருந்தார். ஒரு பொத்தானைத் தட்டினார், முழுக் குழுவும் வாசித்தது. தீக்குச்சிக்கு வேலை இல்லை. ஆத்தா பட்டாலையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

‘இவுக ஒருத்தரேவா இம்புட்டும் வாசிக்கிறாக?’

‘ஆமாத்தா.’

‘அப்ப மத்தவுகளுக்கெல்லாம் சோறு?’

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பந்தியில் கீபோர்டுக்காரருக்கு இலை போட்டதும், இன்னும் இரண்டு பணியாரம் வைக்கச் சொல்லி ஆத்தா ஆள் அனுப்பினார். அவர் இலையை மறைத்துக்கொண்டு, போதும் போதும் என்று சிரித்தார்.