கண்டெடுத்த பணமும் காணிக்கை உண்டியலும்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்துவிட்டு நாம் வெளியே வந்தபோது, புனித அந்தோணியார் சுரூபத்தின் அருகே ஒரு பெண்மணி தயங்கி நின்றார். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில் வேலை பார்ப்பவர், கணவரை இழந்தவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய தோல் மணிபர்சை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

“சாமி, நேத்து சாயந்தரம் வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல கெடந்துச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல. அந்தோணியார் உண்டியல்ல போட்டுரட்டுமா?”

திறந்து பார்த்தோம். 2,300 ரூபாய், ஒரு சிறு சாவி, பாதி கிழிந்த நகை அடகுச் சீட்டு ஒன்று. வேறொன்றும் இல்லை.

“போடம்மா” என்ற சொல் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆலயக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. ஏழைப் பெண் ஒருத்தி, தன் கைக்கு வந்த பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் புனிதருக்குக் கொடுக்க முன்வருகிறாள். இதைவிட மேலான செயல் என்ன இருக்க முடியும் என்று எவருக்கும் தோன்றும். அச்சொல்லைத் தடுத்தது நம்முடைய ஞானமன்று. 1988ஆம் ஆண்டில் நாம் செய்த ஒரு தவறுதான் தடுத்தது.

அப்போது நாம் குருமடத்து மாணவர். மே மாத விடுமுறையில் இராஜபாளையத்தில் அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தோம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். அதிகாலைத் திருப்பலிக்கு நடந்து செல்கையில், ஆலைக்குச் செல்லும் சாலையோரம் ஒரு பழுப்புநிறக் காகித உறை கிடந்தது. உள்ளே 640 ரூபாய். உறையின் மேல் பென்சிலால் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் பார்த்தோம், ஒருவரும் இல்லை. யாரிடமேனும் கொடுத்தால் அவர் அமுக்கிக்கொள்வார் என்று நமக்கு நாமே நியாயம் கற்பித்துக்கொண்டு, பணம் முழுவதையும் ஆலயத்தின் உண்டியலில் போட்டோம். வெற்று உறை செபப் புத்தகத்தில் பக்க அடையாளமாகத் தங்கிவிட்டது. அன்று முழுவதும் நம் உள்ளத்தில் நிலவிய திருப்தியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சூன் மாதம் குருமடம் திரும்பியதும், நம் ஆன்ம குருவிடம் இதைச் சற்றுப் பெருமையுடனேயே சொன்னோம். அவர் பாராட்டவில்லை. “உறைமேல் என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டார்.

“ஒரு நம்பர், சாமி.”

“அப்படியானால் அந்தப் பணத்துக்கு முகவரி இருந்தது. யாருடைய பணத்தை எடுத்து யாருக்குக் காணிக்கை கொடுத்தாய்?”

பதில் சொல்ல இயலாமல் நின்றோம். உண்டியலில் போட்டதைத் திரும்பக் கேட்கலாமா என்று மெதுவாக வினவினோம். “உண்டியலை ஏன் இழுக்கிறாய்? கொடுத்தது உன் கை. ஈடு செய்ய வேண்டியதும் உன் கைதான்” என்று அவர் முடித்துவிட்டார். தந்தையாருக்குக் கடிதம் எழுதினோம். அவர் திட்டவில்லை, இரண்டு வெள்ளாடுகளை விற்றார்.

அக்டோபர் விடுமுறையில் அந்தப் பணத்தோடு ஆலையின் நேரக் கணக்கர் அறைக்குச் சென்று உறையைக் காட்டினோம். எண்ணைப் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலையில்லாத பதிலித் தொழிலாளி அவர். சம்பள உறையைத் தொலைத்த அன்றே வீட்டுச் செலவுக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, ஐந்து மாதமாக வட்டி கட்டிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருந்தது. சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு, தொலைந்தது என்று பொய் சொல்கிறார் என எண்ணி, அவருடைய மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு சென்றுவிட்டார். பணத்தை வாங்கி எண்ணிய அந்த மனிதர் நம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. “மொதல்லயே கொண்டாந்திருந்தா...” என்று தொடங்கினார், அதற்குமேல் பேசவில்லை. 640 ரூபாயை ஆடு விற்றுக் கட்டிவிடலாம். அந்த ஐந்து மாதத்தை எதை விற்றுக் கட்டுவது?

ஆகவே, தவக்கால ஞாயிறன்று அப்பெண்மணியிடம் நாம் சொன்னோம்: “அம்மா, உண்டியலில் போட்டால் நம் இருவருக்கும் மனச்சுமை இறங்கிவிடும், தொலைத்தவருக்கு இறங்காது. முதலில் அவரைத் தேடுவோம்.”

பிறர் பொருளை வைத்துக்கொள்வது களவு என்பதில் நம் மக்களுக்கு ஐயமில்லை. கண்டெடுத்த பொருளைத் தெரிந்தே வைத்துக்கொள்வதும் ஏழாம் கட்டளைக்கு மாறானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் நாம் வழக்கமாக மறந்துவிடுவது இதன் மறுபாதியை. முற்காலத்தில் உபாகமம் என வழங்கிய இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், அயலானின் ஆடோ மாடோ வழிதப்பி அலைவதைக் கண்டால், காணாததுபோல் போகலாகாது என்கிறது. உரியவர் யாரென்று தெரியாவிட்டால், அவர் தேடி வரும்வரை வீட்டில் வைத்துக் காக்க வேண்டும். ஆடைக்கும், தொலைந்த எப்பொருளுக்கும் அதே விதி. “எனக்கெதற்கு வம்பு?” என்று தாண்டிப் போகிறவரையும் அது விடவில்லை.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதே பாதையில் செல்வது வியப்புக்குரியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்துக்கொள்பவர், அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய பொறுப்பை ஏற்கிறார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு இதற்கு எடுத்துக்காட்டுகளே தந்திருந்தது. நெடுஞ்சாலையில் கிடக்கும் ஒற்றை ரூபாயை, யாருடையது என்று அறியாமல் எடுப்பது குற்றமன்று. ஆனால் பணப்பையைக் கண்டெடுத்தவர், அது இன்னாருடையது என்று பின்னர் அறிந்தும் தனக்கெனச் செலவிட்டால் குற்றவாளி. உரியவரைக் கண்டுபிடிக்கத் தக்க முயற்சி செய்யாமலும், தக்க காலம் காத்திராமலும் செலவிடுபவரும் அவ்வாறே. 2024 சூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 314ஆம் பிரிவு. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறையும், அபராதமும் உண்டு. சட்டத்தைச் சொல்லி அச்சுறுத்துவது நம் வேலையன்று. “தக்க முயற்சி” என்ற அந்தச் சொல்லுக்காகவே இதை எடுத்துரைத்தோம்.

எனவே முயன்றோம். திங்களன்று அப்பெண்மணி அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். நாமும், அவரும், கோயில்பிள்ளையும் திருவில்லிபுத்தூர் சென்றோம். இராஜபாளையத்திலிருந்து 11 கிலோமீட்டர்தான். பெரியாழ்வார் தம் நந்தவனத்தில் குழந்தையைக் கண்டெடுத்துக் கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார் என்று அவ்வூரார் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். கண்டெடுத்தலைப் பற்றி அந்த ஊருக்கு நாம் போதிக்க வேண்டியதில்லை. அடகுச் சீட்டில் கடையின் பெயர் பாதிதான் இருந்தது. மூன்று கடைகள் ஏறி இறங்கி, நான்காவதில் எண் பொருந்தியது. கடைக்காரர் நல்ல மனிதர். வாடிக்கையாளரின் முகவரியைத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டு, தாமே தொலைபேசியில் அழைத்து ஆளை வரவழைத்தார்.

வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார்; வயது அறுபதுக்கு மேல். மணிபர்சைக் கண்டதும் முதலில் சாவியைத்தான் எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டார். பிறகு பணத்தை எண்ணினார். மறுமுறையும் எண்ணினார். “மூவாயிரம்ல இருந்துச்சு” என்றார்.

அப்பெண்மணியின் முகத்தில் அப்போது தோன்றியதை எழுத நமக்கு ஆற்றலில்லை. ஞாயிறன்றே நம் முன்னிலையில் எண்ணித் தொகையைத் தாளில் குறித்து வைத்திருந்தோம், அதைக் காட்டினோம். கடைக்காரரும் எடுத்துச் சொன்னார். பெரியவர் முணுமுணுத்தபடியே போனார். நன்றி என்ற சொல்லே வரவில்லை. நான்கு நாட்களுக்குப் பின் அவருடைய மனைவி நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று காலை மருந்து வாங்க 700 ரூபாயைத் தாமே எடுத்திருந்ததாகவும், கணவரிடம் சொல்ல மறந்துவிட்டதாகவும், “அவரு ரொம்ப விசனப்படுறாரு சாமி” என்றும் கூறினார். அதை உடனே அப்பெண்மணிக்குத் தெரிவித்தோம். அவர் கேட்டுக்கொண்டார். “இனிமே கண்ணுல பட்டாலும் பாக்காத மாதிரி போயிருவேன் சாமி” என்றார்.

வாசக அன்பர்களே, நமக்கு அன்று மறுமொழி இல்லை. மறையுரையில் நேர்மையைப் பற்றிப் பேசுவது எளிது. வசதியுள்ளவர் ஒரு பணப்பையைத் திருப்பிக் கொடுத்தால் ஊர் மெச்சுகிறது. ஏழை கொடுத்தால், “மீதி எங்கே?” என்று கேட்கிறது. தோபித்து நூலில் இதற்கு நேரான ஒரு காட்சி உண்டு. பார்வையிழந்த தோபித்து வீட்டில் ஆட்டுக்குட்டியின் குரலைக் கேட்கிறார். கூலிக்கு மேல் அன்பளிப்பாகத் தந்தார்கள் என்று அவர் மனைவி அன்னா சொல்லியும் நம்பாமல், திருடியதாயின் உரியவரிடம் கொடுத்துவிடு என்று வற்புறுத்துகிறார். நேர்மைக்குப் பேர்போன அந்த மனிதர், உழைத்து வீட்டைக் காத்த மனைவியின் நேர்மையை ஐயுற்றார். பரிசுத்த நூல் இதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது வீணுக்கன்று என்பது நம் கருத்து.

மனிதர் பொதுவாகக் கெட்டவர் என்ற எண்ணமும் அவ்வளவு சரியானதன்று. 2019ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளின் 355 நகரங்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பணப்பைகளை, ‘தெருவில் கிடந்தது’ என்று சொல்லி வங்கி, அஞ்சலகம், விடுதி முதலிய இடங்களின் ஊழியரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவும் அந்நாடுகளுள் ஒன்று. பணமில்லாத பைகளில் நூற்றுக்கு 40க்கும், பணமிருந்தவற்றில் 51க்கும் உரியவரைத் தேடிச் செய்தி வந்தது. பணம் கூடினால் ஆசையும் கூடும் என்ற கணிப்பு பொய்த்தது. ஒரு சாவி இருந்தால் திரும்புவது மேலும் மிகுந்ததாம். அது எடுத்தவருக்குப் பயன்படாது, தொலைத்தவருக்கோ இன்றியமையாதது. பெரியவர் முதலில் சாவியை எடுத்து முடிந்துகொண்டதை நாம் நினைத்துக்கொண்டோம்.

2018ஆம் ஆண்டு ஈரோட்டில், அரசுப் பள்ளியில் படித்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சாலையில் கிடந்த 50,000 ரூபாயை எடுத்து ஒப்படைத்த செய்தியைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். பின்னர் அது இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது. எல்லாரும் சிறுவனைப் பாராட்டினர், தகும். நமக்கோ அவனுடைய ஆசிரியரைப் பாராட்டத் தோன்றுகிறது. அவன் பணத்தை ஆசிரியரிடம் கொடுத்தான். பள்ளியார் அவனை உடனழைத்துக் காவல்துறைக் கண்காணிப்பாளரிடம் சென்றார்கள். அந்தப் பிள்ளையிடம் மீதி எங்கே என்று ஒருவரும் கேட்க முடியாதபடி பெரியவர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

அதன்பின் நம் பங்கில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். எவரேனும் எதையேனும் கண்டெடுத்து வந்தால், நம் முன்னிலையிலும் இன்னொருவர் முன்னிலையிலும் எண்ணி, ஒரு நோட்டில் எழுதி, மூவரும் கையெழுத்திடுகிறோம். தேடி வருபவரிடம் தொகையையோ அடையாளத்தையோ நாம் முதலில் சொல்வதில்லை. அவரே சொல்ல வேண்டும். பேருந்துக்குள் கிடைத்தால் நடத்துநரிடமும், இரயிலில் கிடைத்தால் நிலைய அலுவலரிடமும், பெருந்தொகையாயின் காவல் நிலையத்திலும் ஒப்படைத்து, எழுத்தில் ரசீது பெறச் சொல்கிறோம். தனியாகப் போகத் தயங்குகிறவருடன் கோயில்பிள்ளை போகிறார். தேடியும் காத்திருந்தும் உரியவர் கிடைக்காத சில்லறைத் தொகை மட்டுமே ஏழைகளுக்குப் போகிறது. இதுவரை அப்படிப் போனது 85 ரூபாய். ஆலயக் கூரை இன்னும் ஒழுகுகிறது.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், மழை விட்டிருந்த ஒரு மாலையில் அதே பெண்மணி நம் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஆண்கள் பிடிக்கும் ஒரு கறுப்புக் குடை. டீக்கடைப் பெஞ்சில் கிடந்ததாம். நாம் நோட்டை எடுத்தோம்.

“கம்பி எட்டும் சரியா இருக்கு சாமி,” என்று அவர் குடையை விரித்துக் காட்டினார். “நீங்களும் ஒருதரம் எண்ணிக்கோங்க.”