பத்து மணி நேரப் பயணம்

"தாத்தா, சென்னையிலிருந்து பாரிசுக்கு எவ்வளவு தூரம்?" என்று பேரன் கேட்டான். பள்ளியில் ஏதோ வேலை கொடுத்திருக்கிறார்கள். அவன் கைபேசியை எடுப்பதற்குள் சொல்லிவிட்டேன்: ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். நடுவில் இறங்காமல் போனால் பத்து மணி நேரம், சற்றுக் கூடவும் ஆகலாம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். நேர்த் தூரத்தை எங்கள் வாத்தியார் 'அ வோல் துவாஸோ' என்பார். பறவை பறக்கிற வழி என்று பொருள். பூகோள உருண்டையில் புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவார். உருண்டையில் மிகக் குறுகிய அந்த வழி, சுவரில் தொங்கும் படத்தில் வடக்கே வளைந்து தெரியும்.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். 22 வயது அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு 12 வயது. நான் அப்பா பக்கம். அண்ணன் பம்பாயில் கப்பலேறி, சூயஸ் வழியாக மர்சேய் போய்ச் சேர்ந்தார். நான் பிற்பாடு ராயபுரத்தில் மாமா வீட்டுக்கு வந்து, அரசாங்கக் குமாஸ்தாவாகி, திருவொற்றியூரில் வீடு கட்டினேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஜனவரி இரவில் அண்ணி பேசினார். "உடனே வாங்க தம்பி, அவரு உங்களைத்தான் கேட்கிறாரு."

குமாஸ்தா புத்தி, காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். மெட்ரோவில் மீனம்பாக்கம் ஒன்றேகால் மணி. அங்கே காத்திருக்க மூன்று மணி. பறக்கப் பத்து மணி. இறங்கி அண்ணன் வீடு சேர இரண்டு மணி. மொத்தம் பதினாறேகால். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி பின்னால். அதையும் கழித்தால் நாளைக்கே பார்த்துவிடலாம்!

பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரார் கோப்பிலெல்லாம் தேதி பார்த்துக் குறிப்பு எழுதியவன், என் தேதியைப் பார்க்கவில்லை. புதுப்பித்து, விசாவும் கைக்கு வந்தபோது அண்ணனை அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகிவிட்டது.

இருந்தாலும் போனேன். அண்ணியோடு கல்லறையில் கொஞ்ச நேரம் நின்றேன். "தினமும் எத்தனை மணிக்கு இறங்குவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

திரும்பும்போது சீக்கிரமே வந்துவிட்டோம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று விமானத்தைத் தள்ளிவிடுமாம். போகும்போது அதே காற்று எதிர்க்காற்று.

வெளிநாட்டில் உறவுள்ள நண்பர்களே, இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் பாஸ்போர்ட்டில் தேதியைப் பாருங்கள். அதற்காகத்தான் இதை எழுதினேன்.