எட்டு முழம்... நாற்பது கிலோமீட்டர்!

எனக்கு வயது 29. நானாக வேட்டி கட்டியது போன மாதம்வரை கிடையாது. வீட்டில் கைலி, வெளியே பேண்ட் என்று காலம் ஓடிவிட்டது. கைலி கட்டத் தெரிந்தவனுக்கு வேட்டி கட்டத் தெரியாதா என்று கேட்பீர்கள். கைலி மூட்டியது சார். உள்ளே இறங்கிவிட்டால் அது நம்மை விட்டுப் போகாது. வேட்டி ஒரு பக்கம் கதவே இல்லாத வீடு!

இரண்டு வருடம் முன்பு அப்பா தவறியபோது யாரோ எனக்கு வேட்டி சுற்றிவிட்டார்கள். என்ன வேட்டி, யார் கட்டியது, எதுவும் ஞாபகமில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன மாதம் திண்டிவனத்திலிருந்து அம்மா போன். தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்.

"ஞாயித்துக்கிழமை காலையில தட்டு மாத்தறோம். அப்பா ஸ்தானத்துல நீதான் நிக்கணும்."

"பெரியப்பா இருக்காரேம்மா..."

மறுமுனையில் சத்தமே இல்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு. ஒரு முழ அகல வரப்புக்காக ஆறு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா போன பிறகும் அது அப்படியே இருந்தது.

"பத்திரிகை வெச்சாச்சு. வந்தா வரட்டும். நீ வேட்டி கட்டிக்கிட்டு வந்து சேரு. பேண்ட் போட்டுக்கிட்டு வந்து நின்னே, தட்டைக் கையில குடுக்கமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் இருப்பது விழுப்புரத்தில். தெற்கே போகிற தமிழர்கள் எல்லாரும் விழுப்புரத்தைப் பார்த்திருக்கிறார்கள், பாதித் தூக்கத்தில். ரயிலில் போனால் 'டீ, டீ' என்று ஒரு குரல். பஸ்ஸில் போனால் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு மோட்டலில் ஆறிப்போன பரோட்டா. பிரிவதே இந்த ஊருக்குத் தொழில். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் ரயில் பாதை பிரிகிற ஜங்ஷன். 1993-ல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 2019-ல் தன்னிடமிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரித்துக் கொடுத்தது. எல்லாரும் கடந்து போகிற இந்த ஊரில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு பிரைவேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் திரு.வி.க. வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நுழைந்தேன். வேட்டி செக்‌ஷனில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்.

"வேட்டி வேணும்."

"என்ன வேட்டி தம்பி?"

"முப்பத்திரண்டு சைஸ்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் துண்டு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கத்தான்.

"வேட்டிக்கு சைஸ் கிடையாது தம்பி. ஒல்லியா இருந்தா ரெண்டு சுத்து, குண்டா இருந்தா ஒரு சுத்து. நாலு முழமா, எட்டு முழமா?"

இங்கே ஒரு சின்னப் பாடம். நாலு முழம் என்றால் சுமார் 2 கெஜம், ஒற்றையாகக் கட்டுவது. வீட்டுக்கு, வயலுக்கு, கடைத்தெருவுக்கு. எட்டு முழம் என்றால் 4 கெஜம். அதை இரண்டாக மடித்துக் கட்டுவார்கள். அதுதான் டபுள் வேட்டி. விசேஷத்துக்கு அதுதான் கௌரவம். வெளிச்சத்தில் நின்றாலும் மானம் தெரியாது! இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

அடுத்த கேள்வி இன்னும் ஆபத்தானது. "கரை என்ன கலர்?"

எங்கள் பக்கத்தில் வேட்டிக் கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு கலர் என்றால் ஒரு கட்சி, மூன்று கலர் என்றால் வேறு கட்சி. கலர் வரிசை மாறினால் கூட்டணியே மாறிப்போகும். மாப்பிள்ளையின் அப்பா எந்தக் கட்சியோ? தட்டு மாற்றும்போது சம்பந்தி என் கரையைப் பார்த்து முகம் சுளித்தால்?

"ஜரிகைக் கரை குடுங்க" என்றேன். ஜரிகைக்குக் கட்சி கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஒரு சேல்ஸ் பையன் காதோரம் வந்தான். "சார், ஒட்டிக்கோ வேட்டி இருக்கு. இடுப்புல சுத்தி ஒட்டினாப் போதும். பாக்கெட்டும் உண்டு." கொஞ்சம் சபலப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா தினமும் காலை கொல்லைப்புறத்தில் நின்று வேட்டியை உதறுவாரே, 'பட்'டென்று ஒரு சத்தம்... அந்த ஞாபகம் வந்தது. அவர் இடத்தில் போய் நிற்கிறவன் ஒட்டுகிற வேட்டியில் நிற்பதா? கட்டுகிற வேட்டிதான் என்று சொல்லிவிட்டேன். வீரம் எல்லாம் கடையில் சுலபம்!

பெரியவர் பில் போடும்போது இரண்டு விஷயம் சொன்னார். "ஒரு தண்ணி அலசிட்டுக் கட்டுங்க தம்பி. புதுசுல கஞ்சி இருக்கும், வழுக்கும். ஒரு பெல்ட்டும் எடுத்துக்குங்க." அவர் காட்டியது அகலமான பச்சை பெல்ட். முன்னால் பர்ஸ் வைத்தது. மார்க்கெட்டில் மாட்டுத் தரகர்கள் கட்டுவது. எனக்கு வயது 29 சார்! வேண்டாம் என்றேன். அலசினால் மடிப்பு போய்விடுமே என்று அலசவும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி ரூமில் ஒத்திகை. யூடியூபில் ஒருவர் பத்தே விநாடியில் கட்டிக் காட்டுகிறார். அவர் வலது கை எனக்கு இடது பக்கமாகத் தெரிகிறது. பார்த்துப் பார்த்துக் கட்டி முடித்தபோது முன்னால் முட்டி தெரிந்தது, பின்னால் தரையைப் பெருக்கியது. ரூம்மேட் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உபதேசம் ஆரம்பித்தான்.

"பயப்படாம கட்டுடா. வேட்டிக்குச் சட்டமே இருக்கு."

அவன் சொன்னது உண்மைதான். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன ஐகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. பேண்ட் போட்டால்தான் அனுமதி என்று வெள்ளைக்காரன் காலத்து விதி! சட்டசபையே கொதித்தது. ஆகஸ்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம், லைசென்சும் போகும்.

ஸ்காட்லாந்தில் கதை தலைகீழ். அங்கே மலைநாட்டுக்காரர்கள் கட்டுவது கில்ட். கட்டம் போட்ட கம்பளியில் முட்டிவரை, பின்னால் கொசுவம் கொசுவமாக இருக்குமே, அதுதான். 8 கெஜம் வரை துணி பிடிக்கும். அந்த மலைநாட்டில் கலகம் செய்து தோற்றவர்களை அடக்க, 1746-ல் லண்டன் பார்லிமெண்ட் அந்த உடையையே தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் ஜெயில். மறுபடி பிடிபட்டால் 7 வருடம் கடல் கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தால் மட்டும் கட்டிக்கொள்ளலாம். 1782-ல்தான் தடையை எடுத்தார்கள். இடுப்பில் சுற்றுகிற ஒரு துணியைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் 36 வருடம் பயந்திருக்கிறது!

அது சரி, சட்டம் எனக்கு வேட்டி கட்ட உரிமை கொடுத்திருக்கிறது. வேட்டி இடுப்பில் நிற்க ஏதாவது ஷரத்து உண்டா?

ஞாயிறு காலை. அம்மா போனில் ஞாபகப்படுத்தியபடி வேட்டி நுனியில் மஞ்சள் தடவினேன். அப்பா போட்டோ என் பர்ஸில் இருந்தது. ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நாலு முறை கட்டி, அஞ்சாவது முறை ஓரளவு நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

நடக்கும்போதே தெரிந்துவிட்டது, வேட்டியில் பேண்ட் நடை நடக்க முடியாது. அளந்து அளந்து கால் வைக்க வேண்டும். மற்றவர்கள் மாதிரி மடித்துக் கட்டிப் பார்த்தேன். பிரமாதம்! காற்றோட்டம், வேகம், ஒரு ரவுடிக் களை. எதிரே எங்கள் ஆபீசில் ரிட்டையரான பெரியவர் வந்தார். கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துவிட்டது. பெரியவர்களைப் பார்த்தால் வேட்டியை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்பா செய்ததை நூறு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பெரியவர் என்னைவிட வேட்டியைத்தான் அதிகம் பார்த்தார். "கல்யாணமா?" என்றார். "தங்கச்சிக்கு" என்றேன். அன்றைக்கு ரோட்டில் நான் செய்த ஒரே சரியான காரியம் அது.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கண்டக்டர் வந்தார். டிக்கெட்டுக்குக் காசு எடுக்கப் பழக்கத்தில் தொடைப் பக்கம் கையை விட்டேன். பாக்கெட் இருந்தால்தானே!

"இன்னா சார், சில்லறை தேடுறீங்களா, வேட்டி தேடுறீங்களா?"

முன் சீட்டில் இரண்டு பெண்கள் குனிந்துகொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரன் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறான். கில்ட்டுக்கு முன்னால் ஸ்போரன் என்று ஒரு தோல் பையைத் தொங்கவிட்டுக்கொள்வான். நம் ஊர் பச்சை பெல்ட்டின் சித்தப்பா பிள்ளை மாதிரி. நான்தான் கடையில் வேண்டாம் என்று வந்தவன். பர்ஸ் சட்டைப் பையில், போன் கையில், பூப்பை மடியில். முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று கிளம்பியபோது காற்று ஒரு வீசு வீசியது. இரண்டு முட்டியையும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டு வரை அதே ஆசனம். மயிலம் முருகன்தான் காப்பாற்றினான்.

திண்டிவனம் என்ற பேருக்குப் புளியங்காடு என்று அர்த்தம். திந்திரிணி என்றால் புளியமரம். கோயில் சுவாமி பேரே திந்திரிணீஸ்வரர். சுதந்திரம் வந்த அன்று சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இந்தப் பக்கத்து விவசாயிதான். அவர் கதர் வேட்டியில் கோட்டைக்குப் போய் ராஜ்யத்தையே ஆண்டார். நான் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வருவதற்குள் வேர்த்துவிட்டேன்.

ஹாலில் கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் முன் வரிசையில். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, தோளில் துண்டோடு பெரியப்பா. வந்துவிட்டார்! யாரும் அவரோடு பேசவில்லை. அவரும் யாரோடும் பேசவில்லை. நான் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

"தட்டு மாத்திக்குங்க" என்றார் ஐயர்.

வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், புடவை எல்லாம் அடுக்கிய தாம்பாளத்தை அம்மா என் கையில் வைத்தாள். நல்ல கனம். இரண்டு கையும் பூட்டிக்கொண்டது. எழுந்து நின்றேன். அப்போதுதான் இடுப்பில் ஒரு சில்லென்ற உணர்ச்சி. கஞ்சி வழுக்கும் என்று கடைக்காரர் சொன்னது எவ்வளவு உண்மை! மெதுவாக... மிக மெதுவாக... இறங்குகிறது.

தட்டைக் கீழே வைக்கலாமா? நிச்சயத் தட்டைக் கீழே வைத்தால் அபசகுனம் என்று அம்மாவுக்கு உயிரே போய்விடும். பிடித்துக்கொண்டு நின்றால் என் மானம் போய்விடும். எதிரே சம்பந்தி இரண்டு கையையும் நீட்டிவிட்டார். ஓரத்தில் தங்கச்சி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். என் முகம் போன போக்கைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா "என்னாச்சு தம்பி?" என்று ஆரம்பித்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைப் பிடித்தது.

"நேரா நில்லு. மூச்சை எக்கு."

பெரியப்பா! கடைசி வரிசையிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது. துண்டை என் முதுகுப் பக்கம் திரை மாதிரி பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வேட்டியைக் கொத்தாகச் சேர்த்துச் செருகினார். விரல் எலும்பு விலாவில் குத்தியது. "ம்... இப்பக் குடு" என்றார். கொடுத்தேன். கெட்டிமேளம்! பார்த்தவர்களுக்கு, பெரியப்பா பிள்ளைக்கு ஒத்தாசையாக நிற்கிறார் என்றுதான் தெரிந்திருக்கும். அம்மா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். வேட்டியை உருவி, உதறி, 'பட்'டென்று அதே சத்தம், புதிதாகக் கட்டிவிட்டார்.

"கால அகட்டி நில்லுடா. சேர்த்து வெச்சிக்கிட்டுக் கட்டினா நடக்கும்போது அவுரும். உங்கப்பனுக்கும் இதே ரோதனைதான். அவன் பத்தாவது படிக்கறப்போ நான்தான் கட்டிவிட்டேன்."

நான் பேசாமல் நின்றேன்.

"அன்னிக்கும் நான்தான் உனக்குக் கட்டிவிட்டேன். நீ எங்க பார்த்தே."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் தன் இடுப்பிலிருந்து பச்சை பெல்ட்டை அவிழ்த்து என் இடுப்பில் இறுக்கினார். "உங்களுக்கு?" என்றேன். "என் வேட்டி அம்பது வருஷமா நிக்குது. பெல்ட்டு, காசு வைக்கத்தான்" என்றார். பந்தியில் அம்மாவே அவருக்கு இலை போட்டாள். பேசிக்கொள்ளவில்லை. பாயசம் மட்டும் இரண்டு தடவை ஊற்றினாள்.

ராத்திரி விழுப்புரம் திரும்பி ரூமில் வேட்டியை அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன், பெல்ட் பர்ஸில் இரண்டு பத்து ரூபாய் நோட்டும் ஒரு பொடி மட்டையும் அப்படியே இருந்தன. பொடி இல்லாமல் அந்த மனுஷன் எப்படி இருப்பார்? போன் செய்யலாம் என்றால் நம்பர் கிடையாது. ஆறு வருடமாக யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

வரும் ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். வரப்பைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போகணும். வேட்டியை ஒரு தண்ணி அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.